மறு: ஒற்றைப் புருவம் தூக்கிய அந்தச் சுவரொட்டி முகம்

நண்பர்களே,

அனிமேஷன் படச் சுவரொட்டிகளில் வரும் இந்த முகத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதற்கு வந்த 'ஏளன முகம்' எனக்கு ஒட்டவில்லை. ஏளனம் என்றால் ஏளனப்பட ஒருவர் வேண்டும். அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான டிரீம்வொர்க்ஸின் சுவரொட்டிகளில் அதன் நாயகர்கள் ஷ்ரெக்கும் மெகாமைண்டும் யாரையும் இளக்காரம் செய்வதில்லை, "வந்து பார், நான் யாரென்று தெரியும்" என்று நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு புருவம் மேலே, மற்றது கீழே, வாயில் ஒரு ஓரம் மட்டும் ஏறியிருக்கும். 'நமுட்டுச் சிரிப்பு' கிட்டத்தில் வருகிறது, ஆனால் அது அடக்குகிற சிரிப்பு, இது கடைவிரிக்கிற சிரிப்பு.

'டிரீம்வொர்க்ஸ் முகம்' என்றே விட்டுவிடலாம் என்பதற்கும் நான் எதிர்ப்புத்தான். டிஸ்னியை விட்டு வெளியேறிய ஜெஃப்ரி காட்சன்பெர்க், ஸ்பீல்பெர்க்கோடும் டேவிட் கெஃபனோடும் சேர்ந்து 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. 1998இல், டிஸ்னி வெளியிட்ட பிக்சாரின் பூச்சிப் படம் 'எ பக்ஸ் லைஃப்' வருவதற்குச் சில வாரம் முன்பே தன் எறும்புப் படம் 'ஆன்ட்ஸ்' ஐ இறக்கிவிட்டது. அப்புறம் கிண்டலையும் நட்சத்திரக் குரல்களையும் விற்றார்கள், 2004இன் 'ஷார்க் டேல்' மீன்களுக்கு வில் ஸ்மித், ஏஞ்சலினா ஜோலி சாயலே வைத்தார்கள். அந்த வியாபாரத்துக்கு இந்த முகம் தோதாக இருந்தது, சரி. ஆனால் 2010இல் டிஸ்னியே ரபுன்செல் கதைக்குப் பையன்களும் வரவேண்டும் என்று 'டாங்கில்ட்' எனப் பெயர் மாற்றி, சுவரொட்டியில் நாயகன் நாயகி இருவருக்கும் இதே முகத்தை மாட்டியதே! படத்துக்குள் அந்தப் பெண் பெரும்பாலும் வியப்பும் பயமுமாகத்தான் இருக்கிறாள். ஆக இது பாத்திரத்தின் முகபாவம் இல்லை, விளம்பரத்தின் முகபாவம். சொல்லும் அப்படித்தான் இருக்கவேண்டும், கம்பெனி பெயர் ஒட்டாமல்.

என் பரிந்துரை: புருவநகை. புருவம் எங்கே நகைக்கும் என்று கேட்பீர்கள். 'குறுநகை' என்று மட்டும் சொன்னால் முகத்தின் மேல்பாதி விட்டுப்போகிறதே. யாராவது நாட்டிய சாஸ்திரத்தின் 'ரேசித'த்தைக் கொண்டுவருமுன் சொல்லிவிடுகிறேன்: ஒரு புருவத்தை மட்டும் தூக்குவதுதான் அதுவும், ஆனால் நளினத்துக்கு, போதாததற்கு மூச்சுப் பயிற்சி ரேசகத்தோடு வேறு குழம்பும்.

அனிமேட்டர்கள் இடது வலது புருவங்களைத் தனித்தனியாக அசைப்பார்கள் இல்லையா, அந்த அசைவுக்கு 'ஒருபுருவ ஏற்றம்' போதும். புருவநகை முழு முகத்துக்கு.

'புருவநகைச் சுவரொட்டி'யில் ச் மிகும் என்றுதான் நினைக்கிறேன், நகைச்சுவை இருக்கிறதே. சந்தி தெரிந்தவர்கள் ஒரு பார்வை பாருங்கள்.