கலைச்சொல்: ‘தோல் ஈஸ்ட் தொற்று’ வேண்டாம், ‘உடனுறை ஈஸ்ட்’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

சமூக மன்றச் சுகாதாரப் பேச்சுக்கான துண்டறிக்கையில் ‘தோல் ஈஸ்ட் தொற்று’ என்று தலைப்புப் போடலாமா என்ற கேள்விக்குப் பலரும் சரி என்றுவிட்டீர்கள். எனக்கு ‘ஈஸ்ட்’ மேல் சண்டை இல்லை, ‘தொற்று’ மேல்தான்.

கோவிட் காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் மக்கள் செய்யும் முதல் வேலை, யாரிடமிருந்து வந்தது என்று தேடுவது. என்எஸ் என்னும் தேசிய சேவைக்குப் போன பையன் முதுகில் தேமலோடு வீட்டுக்கு வந்தால் அவன் துண்டைத் தனியாகத் துவைப்பார்கள், தம்பியை அவன் கட்டிலில் உட்கார விடமாட்டார்கள். ஆனால் தேமலுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை), துண்டை ஒதுக்கி வைக்கும் அம்மாவின் தோலிலும் இருக்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் தோலில் குடியேறிவிடும். எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த தலை, முகம், நெஞ்சு, மேல்முதுகு இவையே அதற்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

அது ஏன் அங்கேயே கிடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு அதற்கு இல்லை. ஆகவே நம் தோல் சுரக்கும் எண்ணெயை நொதியால் உடைத்து, வேண்டிய நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஒலேயிக் அமிலம் போன்றவற்றை விட்டுவிடும். ஆய்வகத்தில் இதன் பெரும்பாலான இனங்களை வளர்க்க வேண்டும் என்றாலும் வளர்ப்பு ஊடகத்தில் ஆலிவ் எண்ணெய் போன்ற ஏதாவது ஒரு கொழுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த மிச்சமான ஒலேயிக் அமிலம் சிலருடைய உச்சந்தலையில் எரிச்சலைக் கிளப்பி, தோல் செதில்களை அவசர அவசரமாக உதிரவைக்கிறது. அதுதான் பொடுகு. ‘சிலருடைய’ என்பதை அடிக்கோடிட வேண்டும். அதே ஈஸ்ட், அதே எண்ணெய் இருந்தும் பக்கத்தில் இருப்பவருக்குப் பொடுகு வராமல் போகலாம். அவரவர் தோலின் தாங்கும் தன்மையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

தேமலில் கதை வேறு. அங்கே உருண்டையாக இருந்த ஈஸ்ட் இழை வடிவத்துக்கு மாறி மேல்தோலில் பரவுகிறது. செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரியும். வெப்பமும் வியர்வையும் அதற்குத் தோது. ஆண்டு முழுக்கப் புழுங்கும் நம்மூரில் கேட்கவே வேண்டாம். மருந்தால் ஈஸ்ட் அடங்கிய பிறகும் நிறம் திரும்பப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் பாதியில் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். துண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும், தலைப்பை விட இது முக்கியம்.

மூன்றாவது, மயிர்க்கால் அழற்சி. நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு வரும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பருவென்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எடுத்தால் போட்டிக்கு இருந்த பாக்டீரியா குறைந்து ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சியிலோ ஈஸ்ட் மூலகாரணம் இல்லை. தலை, கழுத்துப் பக்கம் வரும் வகையில், ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளறிவிடுவதாகவே கருதுகிறார்கள்.

ஆக, ஓரிடத்தில் காரணம், இன்னோரிடத்தில் கூட்டாளி, வேறோரிடத்தில் தூண்டுகோல். இவை எல்லாவற்றுக்கும் ‘தொற்று’ என்று ஒரே முத்திரை குத்த முடியாது. என் முன்மொழிவு: உயிரிக்கு ‘உடனுறை ஈஸ்ட்’, நோய்களுக்கு ‘ஈஸ்ட் சார்ந்த தோல் நோய்கள்’.

வந்த மாற்றுச் சொற்களைப் பற்றி:

‘மதுவம்’ இலங்கைப் பாடநூல் வழியில் வந்த நல்ல சொல். ஆனால் நம் பிள்ளைகள் ஈஸ்ட் என்றே படிக்கிறார்கள், பாட்டிமாரும் ரொட்டிக் கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள். ‘தோல் மதுவம்’ என்று அச்சிட்டால் மதுப்பழக்கம் பற்றிய அறிக்கை என்று யாராவது எடுத்துப் போவார்கள். ‘தோல் நொதி’ கூடவே கூடாது, நொதி என்சைமுக்குப் போய்விட்டது. ‘எண்ணெயுண்ணி’ கேட்க அழகுதான். ஆனால் மலசீசியாவின் ஓர் இனம் நாய்க் காதிலும் வாழ்கிறது; அங்கே உண்ணி என்றால் வேறு பொருள், நாய் வளர்ப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

நம் குழுவின் டீச்சர் தேமலுக்குச் ‘சுணங்கு’ என்ற சங்கச் சொல்லை மீட்கலாம் என்றார். உரையாசிரியர்கள் அதைத் தேமல் என்று விளக்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது தலைவியின் மேனிக்குப் புகழ்ச்சி. மருந்துக்கடைக்குப் போய் யாரும் புகழ்ச்சிக்குக் களிம்பு கேட்பதில்லை. தேமல் என்றே இருக்கட்டும், பக்கத்தில் மலாயில் ‘பனாவ்’ என்றும் போட்டால் கடைக்காரருக்கும் புரியும்.

‘மலசீசியா’வை மொழிபெயர்க்க வேண்டாம். 1874-இல் இதை விவரித்த மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக 1889-இல் வைத்த பெயர் அது. ஆள் பெயரை அப்படியே விடுவதுதான் முறை.

‘உடனுறை’ கோயில் பத்திரிகையில் வரும் சொல், அம்பாளை நினைவூட்டுகிறது என்று அண்ணன் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். எனக்கு அதில் சங்கடம் இல்லை. அங்கேயும் கூடவே இருத்தல்தான் பொருள். ‘உடன்வாழ்’ என்றால் எளிது என்பவர்கள் சொல்லுங்கள், அதற்கும் சம்மதம்.

ஆனால் ‘மயிர்க்கால்’ என்பதை நாகரிகம் கருதி ‘முடிக்கால்’ ஆக்கும் யோசனையை ஏற்கமாட்டேன். பாடநூலிலேயே மயிர்க்கால் என்றுதான் இருக்கிறது. வேறு ஆட்சேபம் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் இந்த உரையாடல் இழையிலேயே எழுதுங்கள், தனி மடலில் வேண்டாம்.