கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எந்த ப்ராசஸர்: ஐ5-ஆ, ரைசனா?

கேமராக்காரன்:
என் பழைய இன்டெல் ஐ3-2100 ப்ராசஸர் இன்னும் ஓடுகிறது, ஓடுகிறது என்பதைவிட நகர்கிறது என்று சொல்லலாம். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கும் அப்டேட் நின்றுவிட்டது, 11 இதில் முறைப்படி ஏறாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் விசாரித்தால் ஒருவர் இன்டெல் ஐ5-12400எஃப் என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஏஎம்டியின் ரைசன் 5 7600 எழுதித் தருகிறார். இரண்டுமே 6 கோர் (கணக்குப் போடும் மூளை), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அப்புறம் எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்? பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் கல்யாண வீடியோதான் வேலை, கேம் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு ஆறு மாதம் கழித்துத்தான்.

சூடுபட்ட பூனை:
கடைசி வரியை முதலில் சொல்லுங்கள் ப்ரோ! கார்டு இல்லாமல், பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசஸர் பக்கமே போகாதீர்கள், அதில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. நான் தெரியாமல் வாங்கிவந்து மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் நோ சிக்னல். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து, கேபிள் மாற்றி, ராத்திரி 1 மணி வரை போராடினேன். மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று நம்பியதுதான் தப்பு. விற்றவரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்க்ரூடிரைவர்:
கோர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் வேகமும் ஒன்றாகிவிடாது. 12400எஃப் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை, 7600 5.1 வரை போகும், எல்3 கேஷும் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்) அதில் 18 எம்பி, இதில் 32 எம்பி. வெறும் வேகம் என்றால் 7600தான், படம் காட்டும் அளவுக்குச் சின்ன கிராஃபிக்ஸும் அதில் உண்டு. ஆனால் உங்கள் கேமரா எதில் பதிவு செய்கிறது?

கேமராக்காரன்:
எச்.265 கம்ப்ரஷன், நிற விவரம் 4:2:2, 10 பிட்.

ஸ்க்ரூடிரைவர்:
அப்படியானால் கதையே வேறு. சுருக்கிய அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டும் தனி வன்பொருள் 7600-இல் இல்லை, எல்லாம் கோர்கள் தலையில் விழும், டைம்லைன் திக்கித் திக்கி நகரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டிலும் அது கிடையாது, 50 வரிசையில்தான் கொடுத்தார்கள். இன்டெலில் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸின் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி இதை அலட்டாமல் செய்யும், ஆனால் எஃப் வாங்கினால் அதுவும் போச்சு. எஃப் இல்லாத ஐ5-14400 பாருங்கள், 10 கோர், 16 த்ரெட்.

பழைய பெட்டி:
ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கென்று சின்ன நகல் ஃபைல், போட்டு எடிட் செய்தால் 7600 போதுமே, நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். 14400 போகும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) காலம் முடிந்துவிட்டது, நாளைக்கு மேலே ஏற்ற வழியில்லை. 7600 போகும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

ஸ்க்ரூடிரைவர்:
ப்ராக்ஸி சரிதான், ஆனால் மூன்று கேமராவில் எடுத்த முகூர்த்தத்துக்கு ப்ராக்ஸி உருவாகி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு போன் வந்துவிடும். அப்புறம், ஒரு ப்ராசஸரைப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டுகிறவருக்கு சாக்கெட் கவலை எதற்கு?

கேமராக்காரன்:
அது உண்மைதான், ஹஹா. இந்த 14400 சேர்ந்த இன்டெல் 14-ஆம் தலைமுறை கெட்டுப்போகும் என்றார்களே? பழைய ராம் உதவுமா?

ஸ்க்ரூடிரைவர்:
வோல்டேஜ் கோளாறில் 2024-இல் பெரும்பாலும் மாட்டியது ஐ7, ஐ9. எதற்கும் வாங்கியதும் மதர்போர்டின் பயாஸ் (தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். உங்கள் பழைய ராம் டிடிஆர்3 என்ற பழைய வகை, நாம் பேசிய எதிலும் சேராது.

கேமராக்காரன்:
சரி, எஃப் இல்லாத 14400. சனிக்கிழமை போகிறேன், கடையிலேயே பெட்டியில் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் காசு.