வணிக இணையதளத்திற்கு ஹோஸ்டிங்: மூன்றாண்டு ஷேர்டு திட்டமா, விபிஎஸ்ஸா?

அச்சாணி:

வணக்கம். இயந்திர உதிரிப் பாகங்கள் தயாரிக்கும் எங்கள் சிறு நிறுவனத்தின் இணையதளத்தைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளில் இயங்குகிறது. ஏறத்தாழ 600 பொருள்களின் படங்களும் விவரங்களும், விலை கேட்டு எழுதுவதற்கான ஒரு படிவமும் அதில் உள்ளன. தளத்தின் வழியாகப் பணம் பெறுவதில்லை. ஊழியர்கள் எட்டுப் பேரின் மின்னஞ்சலும், தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் அதே ஹோஸ்டிங் கணக்கில்தான் இருக்கிறது.

கடந்த மாதம் தளம் இரண்டு முறை அரை நாள் முடங்கிக் கிடந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், எங்கள் கணக்கு அளவுக்கு மீறி வளங்களைப் பயன்படுத்துகிறது, மேல் திட்டத்துக்கு மாறுங்கள் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். புதுப்பிக்கும் நாளும் நெருங்குவதால் வேறிடம் போய்விட எண்ணுகிறோம். ஒரு நிறுவனம், எல்லாமே வரம்பற்றது என்று சொல்லி, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கை மூன்றாண்டுக்கு முன்பணம் கட்டினால் மிகக் குறைந்த விலையில் தருகிறது. இன்னொன்று, அதைவிடச் சற்றே கூடுதலான தொகைக்கு விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென ஒதுக்கப்படும் தனிப் பகுதி) தருகிறது. ஆனால் பராமரிப்பு நம் பொறுப்பு. எங்களிடம் நிரந்தரத் தொழில்நுட்ப ஊழியர் இல்லை. தேவைப்படும்போது வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கொடுப்பார். எதைத் தேர்ந்தெடுக்கலாம், பணம் கட்டும் முன் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வழங்கி:

அச்சாணி அவர்களுக்கு வணக்கம். எங்கே போவது என்பதற்கு முன், ஏன் முடங்கியது என்பதைக் கண்டுபிடியுங்கள். கோளாறு தளத்துக்குள் இருந்தால் எங்கே குடிபோனாலும் அதுவும் கூடவே வரும். 600 பொருள்கள் கொண்ட ஒரு விவரப் பட்டியல், ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால், ஷேர்டு ஹோஸ்டிங்கைத் திணறடிக்கும் அளவுக்குப் பெரிய சுமை அன்று. முடங்கிய மணிநேரத்துக்குரிய அணுகல் பதிவை (எந்தப் பக்கத்துக்கு எங்கிருந்து கோரிக்கை வந்தது என்ற குறிப்பை) எடுத்துப் பாருங்கள். உள்நுழைவுப் பக்கத்தை இடைவிடாமல் தட்டும் பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள், கேச் (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் வசதி) இல்லாததால் ஒவ்வொரு வருகைக்கும் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கும் அமைப்பு, யாரோ எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஆகிய மூன்றில் ஒன்று அங்கே தென்படும் என்பது என் ஊகம்.

வரம்பற்றது என்ற சொல்லைப் பற்றி: ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் வரம்பில்லாத எதுவும் இருக்க முடியாது. வட்டு இடத்தையும் தரவுப் போக்குவரத்தையும் வரம்பற்றவை என்று அறிவித்துவிட்டு, சிபியூ, நினைவகம், ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிஹெச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) செயல்கள், மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் உண்மையான வரம்பை வைப்பார்கள். வேர்ட்பிரஸ் ஒரே படத்தைப் பல அளவுகளில் வெட்டிச் சேமிக்கும் என்பதால், உங்கள் 600 படங்கள் பல ஆயிரம் கோப்புகளாகப் பெருகியிருக்கும். மின்னஞ்சல்களும் அந்தக் கணக்கிலேயே சேரும். இந்த எண்கள் விளம்பரப் பக்கத்தில் இருக்காது, பயன்பாட்டு விதிமுறைகளில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பதில் தர மறுப்பவரை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

மூன்றாண்டு முன்பணத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். விளம்பர விலை முதல் காலத்துக்கு மட்டுமே. புதுப்பிக்கும்போது வசூலிக்கும் விலையையும் சேர்த்து ஆறாண்டுச் செலவைக் கணக்கிட்டால், மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது. மதிப்புரைத் தளங்களையும் அதிகம் நம்பவேண்டாம், அவற்றில் பல ஹோஸ்டிங் நிறுவனங்களிடம் கமிஷன் பெறுபவை. வேறுவேறு பெயர்களாகத் தோன்றுவனவும் ஒரே கைக்குள் இருக்கலாம்: புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்கள் டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில், யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஹோஸ்டிங்குடன் இலவசமாக வரும் டொமைனை ஏற்க வேண்டாம். டொமைன் தனியாக ஒரு பதிவாளரிடம் (டொமைன்களைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்திடம்), உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், எந்த ஹோஸ்டிங் நிறுவனத்தையும் ஒரே நாளில் விட்டு விலகலாம். நான் ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது, உள்ளே நுழைவதற்குத் தரும் சலுகையைப் பார்ப்பதைவிட, வெளியேறுவதற்கு எவ்வளவு தடை வைத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

இரவுக்காவல்:

பராமரிப்பில்லாத விபிஎஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதைத்தான் பிழைப்பாகச் செய்கிறேன். வேண்டாம். இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள், ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வால், தரவுத்தளம், பேக்கப், நள்ளிரவில் வட்டு நிரம்பி நின்றுபோகும் சர்வர் என அத்தனையும் உங்கள் தலையில் விழும். பிஹெச்பி 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. அதன் பிறகும் அதே பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த விபிஎஸ்கள் பலவற்றை என் கையால் சுத்தம் செய்திருக்கிறேன். அவற்றின் உரிமையாளர்கள் எல்லோரும் உங்களைப் போலவே எப்போதாவது வரும் ஒருவரை நம்பியிருந்தவர்கள்தான். ஷேர்டு உண்மையிலேயே போதவில்லை என்று பதிவுகள் காட்டினால், பராமரிப்புடன் கூடிய விபிஎஸ் எடுங்கள். கூடுதல் கட்டணம் அந்த நள்ளிரவு வேலைக்கான கூலி.

சர்வர் இருக்கும் இடத்தையும் கேளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும். வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் இடையே 10,000 கிலோமீட்டர் இருந்தால் ஒருமுறை போய்வரவே குறைந்தது 100 மில்லி நொடி ஆகும். சர்வருடன் தொடர்பு ஏற்படுத்தும் டிசிபி இணைப்புக்கு ஒன்று, அந்தத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று என மூன்று பயணங்களுக்குப் பிறகுதான் முதல் எழுத்தே வந்துசேரும். படங்களுக்குச் சிடிஎன் (அவற்றின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து அருகிலிருந்து தரும் சேவை) உதவும், ஆனால் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இருக்கும் பகுதிக்கு அருகில் சர்வர் இருப்பதே எளிய வழி.

மூன்றாம் படி:

பேக்கப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து, எஸ்பிஜி2 என்ற கட்டடமே அழிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தனர். ஆகவே, தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்ற உறுதிமொழியோடு நின்றுவிடாமல், அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், நாமே தரவிறக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் கை எட்டாத இடத்தில் உங்கள் சொந்தப் பேக்கப் படி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

படி இருந்தால் மட்டும் போதாது, மீட்டுப் பார்க்கவும் வேண்டும். எங்கள் தளம் ஒருமுறை கெட்டுப்போனபோது, பல மாதங்களாக ஒழுங்காகச் சேமிக்கப்பட்டுவந்த பேக்கப்பைத் திறந்தோம். படங்கள் எல்லாம் இருந்தன. தரவுத்தளக் கோப்பின் அளவு சுழியமாக இருந்தது.

99.9 விழுக்காடு இயக்க உத்தரவாதம் என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது ஆண்டுக்கு எட்டே முக்கால் மணிநேர முடக்கத்தை அனுமதிக்கிறது. அதையும் தாண்டினால் பெரும்பாலும் ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்களே தவிர, கைநழுவிய ஆர்டருக்கு யாரும் ஈடு தருவதில்லை.

தபால்காரர்:

மின்னஞ்சலைத் தளத்திலிருந்து பிரித்துவிடுங்கள். ஷேர்டு சர்வரில் ஒரே ஐபி முகவரியிலிருந்து (சர்வரின் இணைய எண்ணிலிருந்து) எல்லோரும் அஞ்சல் அனுப்புவதால், முகம் தெரியாத ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் உங்கள் விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடக்கூடும். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநரின் அடையாளச் சரிபார்ப்பைக் கடுமையாக்கியுள்ளன. தனி மின்னஞ்சல் சேவையிலும், அஞ்சல் உங்களிடமிருந்தே வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிடுங்கள். விலை கேட்கும் படிவமும் அந்தச் சேவையின் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) வழியாகவே அனுப்பட்டும்.

அச்சாணி:

அனைவருக்கும் நன்றி. பழைய வழங்கி ஐயா சொன்னபடி பதிவை எடுத்துப் பார்த்தோம். முடங்கிய இரு நாள்களிலும் உள்நுழைவுப் பக்கத்துக்கே ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்திருக்கின்றன. அதைக் கட்டுப்படுத்திக் கேச் அமைத்த பின் தளம் இலகுவாக ஓடுகிறது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, டொமைன் எங்கள் நிறுவனத்தின் பெயரில் இல்லை. முதலில் தளத்தை வடிவமைத்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. நல்ல மனிதர், கேட்டவுடன் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்.

வரம்புகளை எண்களாக எழுதித் தந்த வேறொரு நிறுவனத்தில் ஓராண்டுக்கு மட்டும் ஷேர்டு திட்டம் எடுக்கவும், மின்னஞ்சலைத் தனியே பிரிக்கவும் முடிவு செய்துள்ளோம். இடம் மாற்றும் நாளில் தளம் நிற்காமலிருக்க என்ன வரிசையில் செய்வது?

பழைய வழங்கி:

டொமைன் பெயர்மாற்றத்தையும் ஹோஸ்டிங் மாற்றத்தையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு விவரத்தை மாற்றினாலோ பதிவாளரை மாற்றினாலோ பொதுவாக 60 நாள்களுக்கு மறுபடி வேறு பதிவாளரிடம் போக முடியாது. மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் (டொமைன் எந்த ஐபிக்குப் போகவேண்டும் என்று சொல்பவை) டிடிஎல் மதிப்பை (அவற்றை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். புதிய சர்வரில் தளத்தை ஏற்றி, உங்கள் கணினிக்கு மட்டும் தளத்தின் முகவரியை மாற்றிக் காட்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியைக் குறித்து, படிவம் உட்பட எல்லாப் பக்கங்களையும் சோதித்த பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாமல் வைத்திருங்கள். இடைப்பட்ட சில மணிநேரம் சிலருக்குப் பழைய சர்வரே திறக்கும். அங்கே பதிவாகும் விலைக் கேள்விகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.