காயலாங்கடைல சிங்கர் கால் மிஷின் கெடச்சிருக்கு, வீல் அசையவே மாட்டேங்குது. பெயின்ட் அடிக்கலாமா வேணாமா?

வியாசர்பாடி பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஓட்டேரி பக்கம் ஒரு காயலாங்கடைல பழைய ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மிஷினுக்கும் நடுவுல ஒரு சிங்கர் கால் மிஷின் ஸ்டாண்டோட கெடந்துச்சு, கடைக்காரர் இரும்பு எடை போடத்தான் வச்சிருந்தாரு, எடைக்கு வர்ற காசுக்கு மேல கொஞ்சம் போட்டு குடுத்துட்டு குட்டியானைல ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்துட்டேன். அம்மா வீட்லயே ஜாக்கெட் தைக்கிறவங்க, இப்போ இருக்குற மிஷின் ரொம்ப சத்தம் போடுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, அதான்.

ஹெட்டு, அதாவது மேல தைக்கிற பாகம், கறுப்பு. தங்க கலர் பூ டிசைன் முக்காவாசி அப்படியே இருக்கு, துணி உரசுற எடத்துல மட்டும் போயிருச்சு. சைடுல ஓவல் பித்தளை பேட்ஜ், சுத்தி நீல பார்டர், அதுல 1851-1951ன்னு போட்டிருக்கு. கீழ தட்டுல நம்பர் ஈ.எச்-ன்னு ஆரம்பிக்குது. வீலை எந்த பக்கம் சுத்துனாலும் அசையல. ஸ்டாண்டு ஃபுல்லா துரு, மேல பலகை ஊறி உப்பிப் போய் கெடக்கு.

ஏரியா மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டுனேன். இது வேலைக்காகாது, புது ஹெட்டு போட்டுக்கோ, பழச நானே எடுத்துக்கறேன்னாரு. இல்லைன்னா தின்னர் போட்டு தொடச்சி ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்னாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் இந்த மாதிரி பழைய சிங்கர்லாம் லட்சக்கணக்குல போகும், உள்ள ஏதோ இருக்குன்னு சொல்றான். யாரை நம்பறது? மொதல்ல வீலை எப்படி சுத்த வைக்கிறது, அப்புறம் பெயின்ட் அடிக்கலாமா, இதான் கேள்வி.

எம்.சி.ரோடு டெய்லர்:

தம்பி மொதல்ல அந்த வீலை ரெண்டு கையால புடிச்சி முறுக்கறத நிறுத்து. எங்க புடிச்சிகினு கீதுன்னு தெரியாம முறுக்குனா உள்ள எதாவது வளைஞ்சிடும்.

வீலுக்கு நடுவுல ஒரு உருண்டை ஸ்க்ரூ இருக்கும் பாரு, பாபின், அதான் கீழ் நூல் வைக்கற குட்டி உருளை, அதுல நூல் சுத்தசொல்ல லூஸ் பண்ணுவோமே அது. பெல்ட்டை கழட்டிட்டு அந்த ஸ்க்ரூவை லூஸ் பண்ணி வீலை மட்டும் சுத்து. வீல் தனியா சுத்துச்சின்னா புடிச்சிகினு கீறது ஹெட்டுக்குள்ள. வீலே சுத்தலன்னா அதுக்கு பின்னாடி ஷாஃப்ட்ல நூல் போய் சுத்திகினு இருக்கும், இல்ல எண்ணெய் காஞ்சி கோந்து ஆயிருக்கும். பெல்ட் இல்லாம கீழ மிதியையும் ஒருவாட்டி அமுக்கி பாரு, சில சமயம் ஹெட்டு நல்லாதான் இருக்கும், ஸ்டாண்டு துரு புடிச்சி நின்னுருக்கும், ஜனங்க ஹெட்டை போட்டு அடிப்பாங்க.

ஹெட்டுதான்னா என் அனுபவத்துல பாதிக்கு மேல ஷட்டில்ல, அதான் பாபினை சுத்தி ஆடி மேல் நூலையும் கீழ் நூலையும் பின்னற கொக்கி, அதுல நூல் மாட்டிகினு இருக்கறதுதான். பாபின் கேஸை எடு, ஷட்டிலை புடிச்சிகினு கீற ரிங்கோட க்ளிப்பை தள்ளு, ரிங்கு வெளிய வரும், அப்புறம் ஷட்டில் கையோட வந்துடும். உள்ள டார்ச் அடிச்சி பாத்து ஊசியாலயோ இடுக்கியாலயோ நூலை இழுத்து எடு. ரிங்கு எந்த பக்கம் பாத்து இருந்துச்சின்னு போட்டோ எடுத்துக்க, அப்புறம் என்னை கேக்காத.

அதுக்கும் அசையலன்னா எண்ணெய் பிரச்னை. வீட்ல இருக்கற மிஷினுக்கு முக்காவாசி பேரு தேங்காண்ணெய்தான் ஊத்தி வச்சிருப்பாங்க, கேட்டா அதுவும் எண்ணெய்தானேன்னுவாங்க, அது கொஞ்ச நாள்ல மஞ்சளா காஞ்சி கெட்டியா புடிச்சிக்கும். மண்ணெண்ணெய் கெடச்சா நல்லது, இப்ப அது கெடைக்கறதே கஷ்டம், இல்லைன்னா ஹார்ட்வேர் கடைல துரு எடுக்கற ஸ்ப்ரே வாங்கு. எண்ணெய் வுடற ஓட்டை எல்லாத்துலயும், இரும்பும் இரும்பும் உரசற எல்லா எடத்துலயும் சொட்டு சொட்டா வுட்டு ராத்திரி பூரா வுட்டுடு. காலைல ஹேர் ட்ரையர்ல கொஞ்சம் சூடு காட்டி வீலை இப்படி அப்படி ஆட்டு. துளி ஆடுனா போதும், திரும்ப எண்ணெய் வுடு, திரும்ப ஆட்டு. சுத்தியல் மட்டும் எடுக்காத, அது வார்ப்பிரும்பு, வளையாது, நேரா உடையும்.

ஃப்ரீ ஆன பொறவு மண்ணெண்ணெயை நல்லா தொடச்சி எடுத்துட்டு மிஷின் எண்ணெய் வுடணும். மண்ணெண்ணெய் அழுக்கை கரைக்கும், ஓட்டத்துக்கு ஒதவாது.

இன்னொன்னு, அந்த உருண்டை ஸ்க்ரூவுக்கு பின்னாடி மூணு காது வச்ச வாஷர் ஒன்னு இருக்கும். கழட்டி திருப்பி மாட்டசொல்ல மாத்தி போட்டுட்டா ஸ்க்ரூ எவ்ளோ டைட் பண்ணாலும் வீல் மட்டும் சுத்தும், ஊசி எறங்காது. அப்போ வாஷரை அரை சுத்து திருப்பி போடு, சரியாயிடும். இதுக்குன்னே மெக்கானிக்குங்க துட்டு வாங்கறாங்க.

பெயின்ட் அடிக்கறது உன் இஷ்டம். என் கடைல ஒன்னு பச்சை கலர் அடிச்சிதான் ஓடுது.

ராயபுரம் பழசு பிரியன்:

ப்ரோ, தயவுசெஞ்சு ஹெட்டு மேல தின்னர் கைய வச்சிராதீங்க. டெய்லர் அண்ணன் சொன்ன ரிப்பேர் வழி எல்லாம் சரி, கடைசி வரில மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அந்த கறுப்புக்கு மேல தங்க டிசைன், அதுக்கு மேல அரக்கு வார்னிஷ். அரக்கு ஸ்பிரிட்ல கரையும். தின்னர், நெய்ல் பாலிஷ் ரிமூவர், சானிடைசர் எது பட்டாலும் பளபளப்பு போயி கறுப்பு வெளுத்து மங்கலாயிடும், டிசைனும் துணியோட வந்துரும். கொரோனா டைம்ல கை தொடற எல்லாத்தையும் சானிடைசர் போட்டு தொடச்சாங்கல்ல, அதுல போன மிஷின்ங்க நெறைய. கண்ணாடி தொடைக்கிற நீலத் தண்ணியும் வேணாம், அமோனியா இருந்தா தங்கம் வெள்ளி கலரா ஆயிடும். வெறும் மிஷின் எண்ணெய், பழைய பனியன் துணி, பொறுமை, அவ்வளவுதான். எண்ணெய தடவி ஊற விட்டு மெதுவா தொடைங்க, துணில கறுப்பா வராம காப்பிக்கலர்ல வந்தா அது அழுக்கு. கறுப்பாவோ தங்கமாவோ வந்தா அங்கயே நிறுத்திருங்க. மொதல்ல ஹெட்டுக்கு அடிப்பக்கம் யாரும் பாக்காத மூலைல டெஸ்ட் பண்ணிக்கோங்க.

இப்ப உங்க மிஷின் ஜாதகம். ஈ.எச் வரிசைன்னா ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க் ஃபேக்டரில செஞ்சது, 1950கள் ஆரம்பம். நீல பார்டர் பேட்ஜ் சிங்கர் கம்பெனியோட நூறாவது வருஷத்துக்காக போட்டது, ஐசக் சிங்கர் பேட்டன்ட் வாங்குனது 1851ல. பாபின் கேஸ் கையால கழட்டி மாட்டுற மாதிரி ஷட்டில் இடது பக்கம் நிமிந்து இருந்தா அது 15கே மாடல். அந்த கே, ஃபேக்டரி இருந்த கில்போவி-ங்கற எடத்தோட பேரு. 1980ல ஃபேக்டரியவே மூடிட்டாங்க. ஸ்க்ரூ, தகடுலலாம் சிமான்கோன்னு சின்னதா பொறிச்சிருக்கான்னு பாருங்க, சிங்கர் மேனுஃபாக்சரிங் கம்பெனிங்கறதோட சுருக்கம், அப்போ அது ஒரிஜினல் பார்ட்டு.

லட்சம் வெலை போகும்ங்கறது சுத்த ரீல். 2009ல சவுதில ஒரு புரளி கெளம்புச்சு, பழைய சிங்கர் ஊசிக்குள்ள சிவப்பு பாதரசம் இருக்கு, அணுகுண்டுக்கு ஒதவும்னு. ஜனங்க செல்ஃபோனை ஊசி கிட்ட கொண்டு போயி லைன் கட்டாகுதான்னு பாத்தாங்களாம். போலீஸே வந்து பொய்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. அந்த புரளியோட வாலுதான் இன்னும் நம்ம ஊரு வாட்ஸாப்ல சுத்துது. கிளைட்பேங்க்ல மட்டும் 1913ல ஒரே வருஷத்துல 13 லட்சம் மிஷின் வெளிய அனுப்பியிருக்காங்க, அப்படிப்பட்ட பொருளு எப்படி அபூர்வமாகும்? இதோட மதிப்பு ஓடுறதுலதான் இருக்கு. ஆனா அந்த மெக்கானிக் வேலைக்காகாதுன்னுட்டு நானே எடுத்துக்கறேன்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் எனக்கு சிரிப்பு வந்துச்சு.

எம்.சி.ரோடு டெய்லர்:

ஷோகேஸ்ல வைக்கறவங்களுக்கு டிசைன் முக்கியம், தொழில் பண்றவனுக்கு தையல் முக்கியம். என் பச்சை மிஷின் காலைல ஒக்காந்தா ராத்திரி வரைக்கும் நைட்டி அடிக்குது, ஒருநாள் கூட டிசைன் எங்கன்னு கேட்டதில்ல. ஊசி வெஷயத்தை எழுத மறந்துட்டாரு அண்ணன், பாதரசம் பத்தி மட்டும் நல்லா எழுதறாரு.

பெரம்பூர் அக்கா:

ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நான் வரேன். பெயின்ட் வேணாம்னு நான் சொல்றதுக்கு அழகு காரணம் இல்ல. எங்க சித்தி மிஷின் ஒன்னு இதே மாதிரி ஸ்ப்ரே அடிச்சு கொண்டாந்து குடுத்தாங்க, பாத்தா எண்ணெய் விடுற ஓட்டை பாதி பெயின்ட்ல அடைஞ்சு போச்சு, நூல் போற கம்பி வளையத்துல பெயின்ட் கட்டி கட்டியா காஞ்சு நூல் அறுந்துகிட்டே இருந்துச்சு, நம்பர் எழுத்தே தெரியல. ஹெட்டை விட்ருங்க. ஸ்டாண்டுக்கு தாராளமா அடிங்க தம்பி, கம்பி பிரஷ் போட்டு துருவ தேச்சு துரு தடுக்குற ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டு, மேல கறுப்பு எனாமல். நம்ம பக்கம் கடல் காத்துக்கு சும்மா விட்டா திரும்ப துரு ஏறிடும். மிதி ரெண்டு பக்கமும் உக்காந்திருக்குற முனைக்கும், பெரிய சக்கரத்துக்கும் மிதிக்கும் நடுவுல போற ராடோட மேல் கீழ் முனைக்கும் எண்ணெய் விடுங்க, கால் மிஷின் கனமா இருக்குன்னு சொல்றவங்க யாரும் அங்க எண்ணெய் விட்டிருக்க மாட்டாங்க.

பலகை ஊறியிருக்குன்னா அது எங்கயோ வெள்ளத்துல நின்ன மிஷின். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல முழங்கால் தண்ணி, பக்கத்து வீட்டு மோட்டார் மிஷின் கீழ இருந்த மோட்டாரும் பெடலும் போயே போச்சு. என் கால் மிஷின் ஸ்டாண்டு தண்ணில நின்னுச்சு, வடிஞ்சதும் நல்ல தண்ணில சேறு போக கழுவி காய வச்சு எண்ணெய் விட்டேன், அதே வாரம் தைக்க ஆரம்பிச்சிட்டேன். அந்த பலகைய தூக்கி போட்டுட்டு ஸ்டாண்டு அளவுக்கு ரெடிமேட் பலகை கேளுங்க, பாரிஸ் கார்னர் பக்கம் மிஷின் சாமான் விக்கிற கடைங்கள்ல இருக்கும். ஹெட்டு உக்கார்ற கீல் ரெண்டையும் பழைய பலகைலேர்ந்து கழட்டி எடுத்துக்கோங்க, தூக்கி போட்றாதீங்க.

தோல் பெல்ட் நீளமா தருவாங்க, அளவு பாத்து வெட்டி கொக்கி போட்டுக்கணும். வழுக்காம இருந்தா போதும், வீணை தந்தி மாதிரி இழுத்து கட்டுனா மிதி கனக்கும். மழைக்காலத்துல அது தொய்யும், அப்ப கொஞ்சம் வெட்டிக்கலாம்.

மோட்டார் மாட்டலாமான்னு அம்மா கேட்டா, கொஞ்ச நாள் காலாலயே ஓட்டி பாக்க சொல்லுங்க. ஜாக்கெட் கழுத்து வளைவுலயும் கொக்கி பட்டிலயும் ஒரு தையல் ஒரு தையலா நிறுத்தி போறது காலுல வர்ற மாதிரி மோட்டார்ல வராது.

வியாசர்பாடி பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீல் சுத்துது!! டெய்லர் அண்ணன் சொன்ன மாதிரி ஷட்டிலை கழட்டுனா உள்ள செவப்பு நூலும் கறுப்பு நூலும் பின்னி உருண்டையா இருந்துச்சு, அதுக்குள்ள ஒடஞ்ச ஊசி முனை ஒன்னு. எடுத்ததும் லேசா ஆடுச்சு, எண்ணெய் விட்டு விட்டு இப்ப ஒரு விரல்ல சுத்துது. தின்னர் தொடல, ராயபுரம் அண்ணா. எண்ணெய்ல தொடச்சதுக்கே பூ டிசைன் பளிச்சுன்னு ஆயிடுச்சு, அம்மா ஸ்டாண்டுக்கு மட்டும் பெயின்ட் வாங்கிட்டு வர சொல்லிட்டாங்க.

இப்ப புது பிரச்னை. துணி மேல தையல் ஒழுங்கா இருக்கு, திருப்பி பாத்தா அடில ஃபுல்லா வளையம் வளையமா நூல் தொங்குது. பாபின் கேஸ் ஸ்க்ரூவை டைட் பண்ணி பாக்கலாமா?

எம்.சி.ரோடு டெய்லர்:

அந்த ஸ்க்ரூவை தொடாத. அடில வளையம் வுழுந்தா தப்பு மேல் நூல்ல. எல்லாரும் கீழ பாபினை போட்டு நோண்டுவாங்க.

ஃபுட்டை, அதான் துணியை அமுக்கற காலை, தூக்கி வச்சிகினு மேல் நூலை கோத்துக்க. ஃபுட் கீழ இருந்தா நூலை இறுக்கி புடிக்கற டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டிகினு இருக்கும், நூல் நடுவுல எறங்காது, மேலயே நிக்கும். கோத்துட்டு ஃபுட்டை எறக்கி நூலை இழு, கைக்கு இறுக்கமா தடுக்கணும். தடுக்கலன்னா தட்டுக்கு நடுவுல பழைய நூல் துணுக்கு கீது, ஃபுட்டை தூக்கிட்டு மெல்லிசு துணிய வுட்டு இழுத்து எடு.

அப்புறம் ஊசி. வீட்டு மிஷின் ஊசி, ஒரு பக்கம் தட்டையா இருக்கறது, அதான் கேட்டு வாங்கணும். பவர் மிஷினோட உருண்டை தண்டு ஊசி இதுல ஒக்காராது. ஊசில நீளமா பள்ளம் ஒரு பக்கம் ஓடும், அந்த பக்கத்துலேர்ந்துதான் நூலை கோக்கணும், தட்டையான பக்கம் ஷட்டில் முனை வர்ற பக்கம் பாத்து இருக்கணும். மாத்தி போட்டா தையலே வுழாது, இல்லன்னா வுட்டு வுட்டு வுழும். ஜாக்கெட் துணிக்கு 14 நம்பர், வாயில் துணி மாதிரி மெல்லிசுக்கு 11, ஜீன்ஸ் ஆல்டர் பண்ணா 16.

ஆரம்பிக்கசொல்ல மேல் நூல் கீழ் நூல் ரெண்டு முனையையும் பின்னாடி புடிச்சிக்க, வீல் எப்பவும் உன் பக்கமா சுத்தணும். பழகாத காலு மிதியை ரிவர்ஸ்ல மிதிச்சிடும், அப்போ நூல் திரும்ப ஷட்டில்ல போய் மாட்டும், நீ எடுத்த அதே உருண்டை திரும்ப வரும்.

இதெல்லாம் பாத்தும் வளையம் வுழுந்தா ஞாயித்துக்கெழமை தவிர எப்ப வேணா ஹெட்டை மட்டும் துணில சுத்தி எடுத்துகினு கடைக்கு வா, ஸ்டாண்டு வேணாம். அம்மா தைக்கற துணில ஒரு துண்டும் கொண்டா.