வழிபாட்டை நிறுத்திய பின் தன்னாய்வும் நின்றுபோகுமா?

கேள்வி:
பல ஆண்டுகளாக இரவுதோறும் வழிபட்டு வந்த நான், நம்பிக்கை தளர்ந்ததால் சென்ற ஆண்டு அதை நிறுத்திவிட்டேன். அதனால் பொய் சொல்லவோ பிறர் பொருளுக்கு ஆசைப்படவோ தொடங்கிவிடவில்லை. ஆனால் வேறொன்று நேர்ந்திருக்கிறது. உடன் பணிபுரிபவர் தயாரித்த அறிக்கைக்காக மேலாளர் என்னைப் பாராட்டியபோது, மறுத்துச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டேன். முன்பென்றால் அன்றிரவு கண்ணை மூடியதுமே அது எதிரில் வந்து நின்றிருக்கும். இம்முறை மூன்று வாரம் கழித்து, மின்தூக்கியில் அந்த உடன் பணிபுரிபவரை நேருக்கு நேர் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒழுக்கத்துக்குச் சமயம் தேவையா என்ற பழைய வழக்கை நான் கிளப்பவில்லை. தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் பழக்கம் சமயம் இல்லாமல் நிலைக்குமா என்பதே என் ஐயம்.

மறுமொழி 1:
அந்தப் பழைய வழக்கிலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1973இல் டார்லி, பேட்சன் என்னும் உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் உரையாற்றச் செல்லும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற விவிலியக் கதைதான். நேரம் இருக்கிறது என்று நம்பியவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். தலைப்பால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. வழிபாட்டில் உங்களுக்குக் கிடைத்துவந்தது அவசரமில்லாத அந்தக் கால் மணி நேரந்தான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2:
அவகாசம் மட்டுமே என்று சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்தால் நான் என் குற்றங்களையா நினைக்கிறேன்? பிறர் எனக்குச் செய்தவற்றைத்தான் எண்ணிப் புழுங்குகிறேன். எல்லாம் அறிந்த ஒருவர் முன் நிற்கிறோம் என்ற உணர்வே என் சாக்குப்போக்குகளின் வாயை அடைக்கிறது. இருந்தாலும் எங்கள் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. இறைவனிடம் அழுது தீர்த்ததும் மனம் இலேசாகிவிட, பாதிக்கப்பட்டவரை மறந்துவிடுகிறோம். யூதர்களின் பழைய சமயச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்கு இடம் கொடுக்கவில்லை. இறைவனுக்கு எதிரான பாவங்களைப் பாவநிவாரண நாள் போக்கும், சக மனிதனுக்குச் செய்த தீங்கையோ அவனைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது என்கிறது. அன்றிரவே உறைத்த காலத்தில் நீங்கள் உரியவரிடம் போய்ச் சொன்னதுண்டா?

மறுமொழி 3:
ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா, விளக்கை அகற்றி, தம் வழக்கம் அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய பொழுது முழுவதையும் தமக்கே ஒளிக்காமல் அலசிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். (அவர் நாத்திகர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சமயம் இல்லாத நான், தூங்குமுன் ஒரு குறிப்பேட்டில் அன்று யாரிடம் தவறினேன் என்று பெயரை மட்டும் எழுதி வருகிறேன். விளக்கம் எழுதத் தொடங்கினால் அது எனக்காக வாதாடத் தொடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டாவதாக எழுதியவருக்கு: பெரும்பாலும் சொன்னதில்லை. அன்றிரவே வருந்தி, அன்றிரவே நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். இன்று காலை அந்த அறிக்கையைத் தயாரித்தவரிடம் சொல்லிவிட்டேன். "அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார். மின்தூக்கி வந்து சேரும்வரை இருவரும் வேறெதுவும் பேசவில்லை.