சமகால நாடகாசிரியர்களின் குறுநாடகம் பார்த்தோ போட்டோ மறக்க முடியாமல் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஒட்டுப்பால்

நானே ஆரம்பித்துவிடுகிறேன். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை கோயில் மண்டபம். ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. மூன்று குறுநாடகங்கள், நுழைவு இலவசம், முடிந்ததும் மீகூன்.

இரண்டாவது நாடகம் டேவிட் ஐவ்ஸ் என்ற அமெரிக்கர் 1988-ல் எழுதியது. பலருக்குத் தெரிந்திருக்கும். காப்பிக் கடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஒருவன் வந்து இந்த நாற்காலி காலியா என்று கேட்கிறான். இருவரில் யார் சொதப்பினாலும் மணி அடிக்கும், பேச்சைக் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். நாங்கள் அதை நம் ஊர் 'மாமாக்' சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுவந்தோம். மணி அடிப்பது என் பொறுப்பு. மேசை மணி போதும் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குத்தான் புத்தி வேறு பக்கம் போனது. பழைய தோட்டத்து ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு துருப்பிடித்துக் கிடந்தது, அதைச் சித்தப்பா லோரியில் ஏற்றி வந்தேன்.

முதல் அடி விழுந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். பக்கத்திலிருந்த மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டாவது அடிக்கும் எழுந்தார். மூன்றாவதற்கு, பின்னாலிருந்த பிள்ளைகள் நாடகத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை இரண்டும் தொடையை ஒட்டி, முகம் நேரே, பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற நிற்பு அது. பெரட்டு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசை. விடியாத நேரத்தில் இந்த இரும்பை அடித்தால் எழுந்து ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டிய உடம்பு.

(எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் நாட்டிலேயே முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். மேடை ஏறுகிற பிரமுகர் எல்லாரும் அதைச் சொல்வார்கள். இந்த இரும்பைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.)

சரி, நான் செய்தது என்னவென்றால், கழுத்தில் கிடந்த குட்மார்னிங் துண்டை எடுத்து இரும்பைச் சுற்றிவிட்டேன். அடுத்த அடி 'தொப்' என்றது. பெரியவர் உட்கார்ந்தே இருந்தார். மேடையில் இருந்த இரண்டு பேருக்கும் சத்தம் கேட்கவில்லை, எங்கே திரும்பத் தொடங்குவது என்று தடுமாறினார்கள், நாடகம் நொண்டி நொண்டி முடிந்தது.

மீகூன் தட்டோடு அவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, கடைசியில ஏன் அடிக்கவே இல்ல? நான் காதை வச்சிக்கிட்டே இருந்தேன்."

ஏழு மாதம் ஆகிறது. துண்டைச் சுற்றியிருக்கக் கூடாதோ?

தாமான்வாசி

கூடாது. அந்த நாடகத்துக்கு உயிரே மணிதான். அது ஆள் பார்க்காது, பாவம் பார்க்காது. நீங்கள் பாவம் பார்த்துவிட்டீர்கள். அப்புறம் ஒரு சந்தேகம். ஐவ்ஸ் உயிரோடு இருக்கிற ஆள், நாடகத்துக்கு உரிமைதாரர் இருக்கிறார். மாமாக் கடைக்கு மாற்றுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? இலவச நுழைவு என்றால் கேட்க வேண்டாம் என்று நம் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயாக்கொட்டகை

துண்டைச் சுற்றியதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை தம்பி. அந்தச் சிரிப்பு நின்றதே, அது போதும்.

என் கதை சாமுவேல் பெக்கெட் 1965-ல் எழுதிய ஒரு துண்டு நாடகம். மூன்று பெண்கள், ஒரு பெஞ்சு. ஒருத்தி எழுந்து இருட்டுக்குள் போவாள். இருக்கிற இருவரில் ஒருத்தி மற்றவள் காதில் போனவளைப் பற்றி ஏதோ சொல்வாள். கேட்டவள் பதறுவாள். போனவள் திரும்பி வந்து உட்காருவாள். பிறகு அடுத்தவள் போவாள். மூன்று பேருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியும், தன்னைப் பற்றித் தெரியாது. என்ன சொன்னார்கள் என்பது நமக்குக் கேட்காது. வசனம் எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வருமா என்பதே சந்தேகம். இதை எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைத் திண்ணையில் தினமும் நடந்ததுதானே, ஒருத்தி ரப்பர் பால்வாளியைக் கழுவப் போனால் மீதிப் பேர் தலை ஒன்றுகூடும்.

அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, நான் மூவரும் நடித்தோம். கடைசியில் மூவரும் கையைக் குறுக்கே கோத்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மாவுக்குத்தான் கடைசி வரி. "மோதிரமெல்லாம் கையில படுது." ஆனால் யார் விரலிலும் மோதிரம் தெரியக் கூடாது, பெக்கெட்டே அப்படிக் குறிப்பு எழுதியிருக்கிறார். எல்லாரும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள் என்று ஒத்திகையில் சொன்னேன். அத்தை கழற்றினார். அம்மாவுக்குக் கழற்ற எதுவும் இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அடகுக்கடைக்குப் போனது, மீட்கவே இல்லை. எனக்கு அது தெரியும், ஆனால் வாயைத் திறக்கும்போது ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா அந்த வரியைச் சொன்னார். முன்வரிசைப் பெண்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், சின்ன ஊர், அடகுக்கடை வாசலில் யார் நின்றாலும் தெரிந்துவிடும். ஒருவரும் அசையவில்லை. அம்மாவின் வலது கை என் கைக்குள் இருந்தது. அம்மாவின் கட்டைவிரல் மட்டும் மெதுவாக நகர்ந்து, மோதிரம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

விளக்கு அணைந்த பிறகும் தடவுவது நிற்கவில்லை.

செந்தூல் ரசிகன்

பெக்கெட் 1989-லேயே போய்விட்டார். சமகால நாடகாசிரியர் என்று எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை, இருக்கட்டும்.

என் அனுபவம் இரண்டு வரிதான். கேஎல்பேக் நாடக அரங்கில் ஒரு பத்து நிமிட நாடகம். நடிகை ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார், உள்ளே என்ன என்று சொல்லவே இல்லை. எல்ஆர்டி ரயிலில் வீடு போகும்வரை அந்தப் பெட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எழுதுகிறவர்களுக்குக் குறுநாடகத்தை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பத்து நிமிட நாடகத்துக்கு என்றே ஷார்ட் அண்ட் ஸ்வீட் என்ற விழா 2002-ல் சிட்னியில் தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கும் வந்தது. பத்து நிமிடத்தில் ஆசிரியருக்கு அறிமுகம் செய்ய நேரம் கிடையாது. ஆகவே திரை விலகும்போதே சண்டை பாதி முடிந்திருக்கும், பிணம் ஏற்கெனவே விழுந்திருக்கும். முதல் வசனத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை முதல் நிமிடத்திலேயே ஊகிக்கப் பாருங்கள், பாதி ரசனை அங்கே இருக்கிறது. இரண்டாவது, மேடையில் பொருள் குறைவாக இருக்கும், இருப்பதில் ஒன்றுகூட வீணாக இருக்காது. ஒரு குடை இருந்தால் அந்தக் குடையைக் கண்ணை விட்டு விடாதீர்கள். மூன்றாவது, கருத்து என்ன என்று கேட்பதை நிறுத்துங்கள். நம் நிகழ்ச்சிகளில் நாடகம் முடிந்த கையோடு யாராவது ஒலிபெருக்கியைப் பிடித்து, "இதன்வழி நாம் அறிந்துகொள்வது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாடகம் எட்டு நிமிடம், விளக்கவுரை இருபத்தைந்து நிமிடம். ஒருமுறை அப்படிப் பேசியவர் நாடகம் முடிந்த பிறகுதான் மண்டபத்துக்கே வந்தார். நான்காவது, வாசிப்பதானால் வாய்விட்டு வாசியுங்கள், அதுவும் இருவராக. அமெரிக்க நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ் 2002 நவம்பரில் தொடங்கி ஒரு வருஷம் நாளுக்கு ஒரு நாடகம் எழுதினார். அதில் சிலவற்றை மௌனமாக வாசித்தால் காகிதத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், எழுந்து நின்று சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். ஐந்தாவது, நாடகம் முடிந்ததும் உடனே கை தட்டாதீர்கள்

மூன்றாம் லயம்

சார், ஆறாவதையும் ஏழாவதையும் அடுத்த பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது அனுபவம்.

ஹெரால்ட் பின்டர் என்ற ஆங்கில நாடகாசிரியர் எழுதியது, கூலிக்குக் கொலை செய்யும் இரண்டு பேர், நிலவறை, மேலேயிருந்து சாப்பாட்டு லிப்டில் சீட்டு சீட்டாக இறங்கும் ஆர்டர்கள். (2005-ல் நோபல் வாங்கியவர், 2008-ல் காலமானார், சமகாலத்தில் சேருமா சேராதா என்று செந்தூல் ரசிகன் தீர்ப்புச் சொல்லட்டும்.) மேலே இருப்பது யார் என்று இருவருக்கும் தெரியாது, ஆனால் கேட்டதைக் கொடுக்காவிட்டால் தப்பாகிவிடுமோ என்று தங்களிடம் இருக்கிற பிஸ்கட்டு, பால், தேயிலைப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக மேலே அனுப்பிவிடுவார்கள்.

ரப்பர் பால் நிறுத்துப் போடும் ஸ்டோர் ஒன்று எங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் டியூஷன் பையன்களை வைத்துப் போட்டேன். லிப்டுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய கூடை, பரண்மேல் ஒரு பையன் இழுப்பான். அன்றைக்கு பிஸ்கட்டு வாங்கி வர வேண்டியவன் மறந்துவிட்டான். ஆட்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அந்த இரண்டு கொலைகாரர்களில் ஒருவனான கஸ் வேஷம் போட்ட பையனிடம், கையில் கிடைத்ததைப் போட்டு அனுப்புடா என்றேன்.

அவன் பையைத் திறந்து ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்தான். கூடையில் வைப்பதற்கு முன் ஒரு நொடி தயங்கினான். நல்லா நடிக்கிறானே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். கூடை மேலே போனது. பரண்மேல் இருந்தவன் விளையாட்டுக்கு அதைப் பிரித்துத் தின்றுவிட்டான், மணம் கீழே வரை வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். கஸ் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அடுத்த வசனத்தைச் சொன்னான்.

பள்ளி முடிந்து நேரே நாடகத்துக்கு வந்தவன். அவனுக்கு அன்று அது ஒன்றுதான் சாப்பாடு என்று மறுநாள் அவன் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாத்தியார் சொன்னார், அனுப்பினேன் என்றானாம்.

கடைசிக் காட்சியில் துப்பாக்கி நீள்வதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

பீடோங்காரி

எல்லாம் வெள்ளைக்காரப் பெயராகவே வருகிறதே, நம் ஆட்கள் எழுதவில்லையா? சென்னையில் ந. முத்துசாமி எழுதினார், 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கினார். சிங்கப்பூரில் இளங்கோவனின் 'தலாக்' தமிழில் மேடை ஏறியது, 2000-ல் ஆங்கிலத்திலும் மலாயிலும் போட அனுமதி கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் ஏன், கெடாவில் எங்கள் பீடோங்கில் 1942-ல் பிறந்த கே. எஸ். மணியம் இருந்தார், 2020-ல்தான் தவறினார். ஆங்கிலத்தில் எழுதினார் என்பதால் நம்மவர் இல்லை என்று ஆகிவிடுமா?

அவருடைய ஓர் ஓரங்கம், சாந்தா என்ற மனைவி புருஷன் வருகைக்காகக் காத்துக்கொண்டே தனியாகப் பேசுவது. அதை நானே முடிந்தவரை தமிழாக்கி, சமையல்கட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார், என் மாமியார். கேட்கிறார் என்றே நான் நினைக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் தலை நிமிராமல் சொன்னார், "அவன் வரமாட்டான். அவளைப் போய்ப் படுக்கச் சொல்லு."

நான் மேலே படித்தேன். இன்னும் இரண்டு இடத்தில் பதில் சொன்னார், ஒன்று கெட்ட வார்த்தை. மாமனார் எட்டு வருஷம் சிங்கப்பூரில் வேலை செய்தார் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் பேச்சு.

மிச்சத்தை எப்போது படிப்பாய் என்று இதுவரை அத்தை கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

செந்தூல் ரசிகன்

நான் ஆலோசனை என்று சொல்லவில்லை, பகிர்வு என்றுதான் எழுதினேன். கஸ் தயங்கியதை நடிப்பு என்று நீங்கள் நினைத்தீர்களே, அதைத்தான் என் இரண்டாவது குறிப்பில் சொல்லியிருந்தேன். பொருளைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் லயம்

பார்த்தேன் சார். பார்த்தும் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஒட்டுப்பால்

எல்லாருக்கும் நன்றி. ஆயாக்கொட்டகை அக்கா, உங்கள் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெரியவரின் மகளைப் போன வாரம் பசாரில் பார்த்தேன். அப்பா வீட்டில் அந்த நாடகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். "அந்தப் பையன் பொண்ணுகிட்ட தப்பா பேசினான், நான் எழுந்திரிச்சேன், உடனே திருத்திக்கிட்டான்" என்று. மணி அடித்ததே தன்னால்தான் என்கிற மாதிரி சொல்கிறாராம். பெரட்டு என்று ஒரு வார்த்தை வரவில்லையாம். நான் நினைத்ததும் அவர் நின்றதும் ஒன்றுதானா என்பதே இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

தீபாவளி முடிந்ததும் மறுபடி போடுகிறோம். துண்டை வீட்டிலேயே வைத்துவிடுவேன். அவருக்கு முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி, எழுந்து நிற்க வசதியாக.

தாமான்வாசி

உரிமைக்கு எழுதினீர்களா இல்லையா, அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.