போட் ஷோல ஸ்டால் போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கேள்வி:
சின்ன டீலர் நான், ஃபைபர் போட்டும், போட்டுக்குப் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டாரும் விக்கிறேன். மொத தடவையா போட் ஷோல ஸ்டால் எடுக்கலாம்னு இருக்கேன், எத்தன போட் கொண்டு போறது, அங்கயே வித்துடுமா, அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

பதில் 1:
ரெண்டு போதும்ங்க. நாங்க நாலு கொண்டு போயி ஸ்டாலே அடைச்சுப் போச்சு, ஜனங்க சுத்தி வந்து பாக்க எடமில்ல. உள்ள ஏறி ஸ்டியரிங் புடிச்சு உக்காந்து பாத்தாத்தான் வாங்குறவங்களுக்கு மனசு வரும், அதனால ஏறுறதுக்கு உறுதியா படி வைங்க, செருப்ப கழட்டச் சொல்லுங்க, இல்லன்னா ஜெல்கோட்ல, அதான் ஃபைபர் மேல இருக்குற பளபளப்பு பூச்சுல, கீறல் விழும். ஹாலுக்குள்ளன்னா டேங்க்ல எவ்ளோ பெட்ரோல் வச்சிருக்க விடுவாங்க, பேட்டரிய கழட்டணுமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

பதில் 2:
அங்கயே பெருசா விக்காதுங்க. எனக்கு வந்த ஆர்டர் எல்லாம் ஷோ முடிஞ்சு நானே போன் பண்ணி, தண்ணில ஓட்டிக் காட்டுனதுக்கு அப்புறம்தான். நம்பர் மட்டும் வாங்காம ஆறா கடலா, எத்தன பேர் போவாங்க, ட்ரெய்லர் இழுக்க வண்டி இருக்கான்னு கேட்டு நோட்ல எழுதிடுங்க. ஒரே ஆளா போகாதீங்க, மூணாவது நாள் தொண்டையே போயிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே, இழுக்குற வண்டி விஷயம் யோசிக்கவே இல்ல.